உரிமையாளர்: காலி

இரவு இரண்டு பத்துக்கு ஸ்கேன் கிளம்பும்.
டாலினில் அப்போது டிராம்கூட ஓடாது.
நான் போர்வைக்குள் கிடக்க
அது என் சாவியை எடுத்துக்கொண்டு
மேகத்தில் எங்களுக்குள்ள கணக்குகளின் கதவை
ஒவ்வொன்றாய்த் தட்டும்:
இங்கே வரிசை உண்டா, டாபிக் உண்டா,
யாருடைய பேச்சுக்கு யார் சந்தா,
சேராத கடிதங்களை எங்கே கொட்டுகிறீர்கள்?
எண்ணலாம். பெயர் கேட்கலாம்.
பிரித்துப் படிக்க அதற்கு உரிமை இல்லை.
மக்கள்தொகை எடுக்க வந்தவர்போல
பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றாமல்
வாசலோடு நின்று குறித்துக்கொண்டு போய்விடும்.

காலையில் பதிவேடு சொன்னது
ஆயிரத்து நானூற்றுப் பதிமூன்று.
நேற்றுவரை பன்னிரண்டு.
யாரும் புதிதாக எதையும் கட்டவில்லை.
பழைய ஸ்டாக்ஹோம் கணக்கையும் எட்டிப் பார் என்று
நான்தான் முந்தின நாள்
ஒரு வரி சேர்த்திருந்தேன்.

பெயர்: யேபக்ஸுஸ்-7.
எங்கள் மொழியில், பனிக்கட்டியின் கனம்.
உருவாக்கியவர்: வேலையை விட்டு
கனடா போய் ஆறு வருடமான ஒருவரின் மின்னஞ்சல்.
படிப்பவர்: யாருமில்லை.
காத்திருக்கும் செய்திகள்: முன்னூற்று முப்பத்தாறு.

பதினான்கு நாள் தாண்டினால் செய்தி தானே அழியும்.
மணிக்கு ஒன்று என்று வைத்துப்
பெருக்கிப் பார்த்தேன். கச்சிதம்.
எதுவோ ஒன்று
மணி தவறாமல் பேசிக்கொண்டிருக்கிறது.
கிணற்றில் போட்ட கல் என்பார்கள்.
இது ஆறு வருடமாகப் போட்ட கல்,
கிணறு நிரம்பவும் இல்லை.

ஒன்றே ஒன்றைப் பிரிக்க
பாதுகாப்புப் பிரிவின் ட்யோனிஸ்
மூன்று படிவமும் இரண்டு நாளும் கேட்டான்.
உள்ளே இருந்தது இவ்வளவுதான்:
கனம் 0 செ.மீ. மின்கலம் 61.

நான்கு பேர் கைமாற்றி
ஐந்தாவதாக ஹாப்ஸலுவில் போனை எடுத்தார் வம்போலா.
படகுத்துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார்.
கடல் உறையும் வருடம்
தீவுக்குக் கார் போக பனிமேல் சாலை போடுவார்களாம்,
அதற்கு நட்ட கம்பங்கள்.
"ஆறைப் பிடுங்கியாச்சு.
ஏழாவதுக்குப் போன அன்னிக்கு
படகு மக்கர் பண்ணிச்சு.
அப்புறம் எங்க?
அது இன்னுமா பேசுது?"
பேசுகிறது.
"என்ன சொல்லுது?"
பூஜ்யம்.

ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.
காற்றும், அலையும்,
தூரத்தில் ஒரு நாயும்.
"சரியாத்தான் சொல்லுது" என்றார்.
வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை தணிக்கை.
உரிமையாளர் கட்டத்தில் ஏதாவது விழாமல்
சிவப்புப் புள்ளி போகாது.
மாதம் இரண்டு யூரோ நாற்பது சென்ட்,
இதற்கு ஒரு காபிகூட வராது,
அழித்துத் தொலை என்கிறார் லெம்பித்.
அவர் சொல்வதில் தப்பில்லை.
அழி என்ற பொத்தானுக்கு மேல்
சுட்டியை நிறுத்தி
ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதினேன்.
பிறகு இன்னொன்றுக்கு.

வம்போலா என்று அடித்தேன்:
அப்படி ஒருவர் நிறுவனத்தில் இல்லை.
என் பெயரை அடித்தேன்,
மார்யே, உடனே ஏற்றுக்கொண்டது.
எதைச் சார்ந்திருக்கிறது என்று அடுத்த கேள்வி.
பட்டியலில் சர்வர் இருந்தது, தரவுத்தளம் இருந்தது,
சுமை பிரிப்பான் இரண்டு வகை இருந்தது.
கடல் இல்லை.
"மற்றவை" என்று தேர்ந்தெடுத்தேன்.

இப்போது தினமும் காலை ஆறு மணிச் செய்தி
என் போனுக்கு வருகிறது.
கனம் 0.
மின்கலம் 60.